வெறுந்தாங்கியோடு லிவிஞ்ஞோவுக்கு

முந்த் ல ஷேரா சுரங்கப்பாதையின் சுவிஸ் வாயிலில், நீண்டு கிடந்த வாகன வரிசையின் நடுவே, நாற்பது நிமிடமாக அசையாமல் நின்றிருந்தோம். வெளியே சுழியத்துக்குக் கீழே பதினொரு பாகை. உள்ளே என் தாயாரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். என் கண்ணுக்கு நேரே, எரிபொருள் முடியப்போவதை அறிவிக்கும் சிறு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இயந்திரத்தை நிறுத்தினால் குளிரில் விறைக்க வேண்டும், நிறுத்தாவிட்டால் பெற்றோல் தீர்ந்துவிடும் என்ற இக்கட்டில் நான் மாட்டிக்கொண்டதற்கு, பேர்னில் வசிக்கும் அத்தானின் அறிவுரையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியதுதான் காரணம்.

"தம்பி, இஞ்சை பெற்றோல் அடிக்காதையும். தாங்கியைக் காயவிட்டுக்கொண்டு போய் அங்கை நிரப்பும்," என்று அவர் சொல்லியிருந்தார். அத்தான், வரிச் சலுகையுள்ள இத்தாலிய மலையூரான லிவிஞ்ஞோவுக்குப் பலமுறை போய் வந்தவர். அவருடைய பயணக் கதைகளில் மலைகள் அதிகம் இடம்பெறுவதில்லை. எந்தப் பொருள் என்ன விலைக்குக் கிடைத்தது என்பதே இடம்பெறும். 2025 பெப்ரவரியில் பாடசாலைகளுக்கு விளையாட்டு விடுமுறை வந்தபோது, ஒரு வாரம் அங்கே தங்கிப் பனிச்சறுக்குப் பழகுவது என்று நாங்கள் முடிவெடுத்ததற்கும் அவருடைய கதைகளே தொடக்கம். பிள்ளைகள் இருவரும் பாடசாலைப் பனிச்சறுக்கு முகாம்களுக்குப் போய் ஏற்கெனவே நன்றாகப் பழகியவர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்தும் ஸ்கீயில் காலே வைக்காதவன் நான் ஒருவன்தான்.

லிவிஞ்ஞோ, இத்தாலியின் வடக்கு ஓரத்தில், லொம்பார்தி மாநிலத்தின் சொந்த்ரியோ மாகாணத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,816 மீற்றர் உயரத்தில் உள்ள ஒரு பள்ளத்தாக்கு ஊர். ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வாழ்கிறார்கள். சுற்றிலும் மலை அடைத்திருப்பதால் அங்கே நுழைய மூன்று வழிகளே உண்டு. கிழக்கே போர்மியோ நகரிலிருந்து 2,291 மீற்றர் உயரமான ஃபொஸ்காஞ்ஞோ கணவாயைக் கடந்து வரும் சாலை, தெற்கே பெர்னினா பக்கமிருந்து 2,315 மீற்றர் உயரமான ஃபொர்கோலா கணவாயைக் கடந்து வரும் சாலை, வடக்கே சுவிஸ் பக்கமிருந்து வரும் இந்தச் சுரங்கம் என்பன அவை. ஃபொர்கோலா சாலை மாரிகாலம் முழுவதும் பனி மூடிக் கிடக்கும். ஆகவே சூரிச்சிலிருந்து போகும் எங்களைப் போன்றவர்களுக்கு, குளோஸ்டர்ஸில் வாகனத்தோடு ரயிலில் ஏறி, 1999இல் திறக்கப்பட்ட 19 கிலோமீற்றர் நீளமான வெரெய்னா சுரங்கத்தைக் கடந்து, செர்நெட்ஸ் ஊரைத் தாண்டி, சுவிஸ் தேசிய பூங்காவின் காட்டுக்குள்ளால் போய் இந்த வாயிலை அடைவதே சுருக்கமான வழி.

இந்தச் சுரங்கத்தைப் பற்றிச் சில வரிகள் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நான் அதன் முன்னால் காத்திருந்தபோது அதைப் பற்றிப் படிப்பதைத் தவிர வேறு வேலை எனக்கு இருக்கவில்லை. ஏறத்தாழ 3.4 கிலோமீற்றர் நீளமான இது, பயணிகளுக்காகக் குடையப்பட்டதே அல்ல. எல்லையில் ஓடும் ஸ்பொல் ஆற்றை மறித்து, 1960களில் புந்த் தல் கல் என்ற 130 மீற்றர் உயரமான வளைவு அணை கட்டப்பட்டபோது, கட்டுமானப் பொருள்களைக் கொண்டுசெல்வதற்காகக் குடையப்பட்ட வேலைப்பாதை இது. வேலை முடிந்த பின்பு கட்டணச் சாலையாக மாற்றினார்கள். ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய அகலம். எனவே ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடிந்த பிறகே மறுபக்கத்தவர்களுக்குப் பச்சை விளக்கு எரியும். வாடகை வீடுகள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கைமாறுவதால், மாரிகாலச் சனிக்கிழமைகளில் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் வேறுவேறு நேரம் ஒதுக்குகிறார்கள். அந்த நேரங்களை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு புறப்படுபவர்கள் வரிசையில் நிற்பதில்லை. நாங்கள் நின்றோம்.

சுரங்கத்தின் மறுமுனை அணைக்கட்டின் மீதே போய்த் திறக்கிறது. நாட்டெல்லை அணையின் குறுக்கே போகிறது. இருட்டிலிருந்து வெளியே வந்ததும் வலப்பக்கம், இடப்பக்கம் என்று நிதானிக்கு முன்பே இத்தாலிக்குள் வந்துவிடுகிறோம். உறைந்து வெள்ளையாகக் கிடந்த ஏரியின் ஓரமாகப் பனிச்சரிவைத் தாங்கும் சாலைக் கூரைகளுக்குக் கீழே சிறிது தூரம் ஓடியதும் ஊர் தொடங்கியது. ஊர் தொடங்கியதும் பெற்றோல் நிலையம் வந்தது. அதற்கு அடுத்ததாக இன்னொன்று, அதற்கு எதிரே மற்றொன்று. இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை நிலையங்களா என்று வியக்கும் நிலையில் நான் அப்போது இல்லை. முதலாவதிலேயே நிறுத்தினேன். தாங்கி கொண்டது 48 லீற்றர். எங்களூர் விலையோடு ஒப்பிட்டால் லீற்றருக்கு ஏறத்தாழ அரைப் பிராங்க் குறைவு. வரிசையில் நான் பட்ட பதற்றத்தை மனைவி மறக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தாலும், இருபத்துச் சொச்சம் பிராங்க் மிச்சம் என்று நான் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை.

நாங்கள் எடுத்திருந்த வீடு, நீண்ட ஊரின் நடுப்பகுதியில், ஒரு பழைய மரவீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. லிவிஞ்ஞோ ஒரு சந்தியைச் சுற்றி வளர்ந்த ஊர் அன்று. ஆற்றின் போக்கிலே கிலோமீற்றர் கணக்காக நீண்டு, வீட்டுக்கு வீடு வைக்கோல் வயலை இடையில் விட்டுக் கட்டப்பட்ட ஊர். அந்த இடைவெளிகள் சிலவற்றில் இன்று ஹோட்டல்கள் எழும்பிவிட்டாலும், வெயிலில் கறுத்துப்போன பழைய மரவீடுகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. ஆற்றை உள்ளூரார் பெரிய தண்ணீர் என்ற பொருளில் அக்குவா கிராந்தா என்று சொல்கிறார்கள். இத்தாலியின் ஆறுகள் பெரும்பாலும் தெற்கே ஓடி அத்ரியாட்டிக் அல்லது மத்தியதரைக் கடலில் சேர, இந்த ஆறோ முதுகைத் திருப்பிக்கொண்டு வடக்கே சுவிற்சர்லாந்துக்குள் ஓடி, செர்நெட்ஸில் இன் ஆற்றோடு கலந்து, தன்யூபில் சேர்ந்து, கடைசியில் கருங்கடலுக்குப் போகிறது. தண்ணீரின் கணக்கில் பார்த்தால் இந்தப் பள்ளத்தாக்கு இத்தாலியைச் சேர்ந்ததே அன்று. வரியின் கணக்கிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல்நாள் இரவு அம்மாவுக்கும் எனக்கும் சிறு சண்டை. அவர் சூரிச்சிலிருந்து அமுக்கச் சமையற்கலத்தைக் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது, வாகனத்தில் இடமில்லை என்று நான் மறுத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் அதைத் தன் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. வீட்டிலிருந்த சாதாரணப் பானையில் என் மனைவி போட்ட குத்தரிசி, முக்கால் மணித்தியாலம் கொதித்த பின்பும் நடுவில் கல்லாகவே இருந்தது. பருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து கலத்தை எடுத்து அடுப்பில் வைத்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மலையில் சமைக்கப் போகும் எவருக்கும் நான் தரக்கூடிய ஒரே உறுதியான ஆலோசனை இந்தக் கலம்தான்.

மறுநாள் காலை ஸ்கீ வாடகைக் கடைக்குப் போனோம். முதன்முறை ஸ்கீச் சப்பாத்தை மாட்டுகிறவர்களுக்கு, அது கால் முறிந்தவர்களுக்குப் போடும் மாக்கட்டைப் போலத்தான் தோன்றும். கணுக்கால் அசையக்கூடாது, குதிக்கால் எழும்பக்கூடாது, ஆனால் விரல்கள் மட்டும் அசைய வேண்டும் என்பது விதி. எனக்கு வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு இறுக்கமான சோடியை எடுத்துவிட்டு, மத்தியானமே திரும்பிப் போய் மாற்றினேன். இத்தாலியில் 2022 முதல், ஸ்கீ செய்கிற ஒவ்வொருவரும் பிறருக்கு ஏற்படக்கூடிய சேதத்துக்கான காப்புறுதி வைத்திருக்க வேண்டும். நாங்கள் போன நாள்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக இருந்தது. காப்புறுதி இல்லாதவர்கள், மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுக்கான சீட்டோடு சேர்த்து நாள் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கினேன். என்னால் பிறருக்குச் சேதம் வரும் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

பள்ளத்தாக்கின் இரு பக்கச் சரிவுகளிலும் தனித்தனியே இரண்டு சறுக்குக் களங்கள் உள்ளன. கிழக்கே மொத்தொலீனோ, மேற்கே கரொசெல்லோ 3000. இரண்டையும் சேர்த்து 115 கிலோமீற்றர் நீளமான தடங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒரே சீட்டு இரண்டுக்கும் செல்லும். இரண்டுக்கும் இடையே கட்டணமில்லாத பஸ் ஓடுகிறது. கரொசெல்லோவின் பெயரில் 3000 என்ற எண் இருந்தாலும், லிஃப்ட் போய்ச் சேரும் உயரம் ஏறத்தாழ 2,800 மீற்றர்தான். வரியில்லாத ஊரில் எண்ணை மேல்நோக்கித் திருத்தியிருக்கும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு அந்த உயரங்கள் எட்டவில்லை. முதல் மூன்று நாள்களும் ஊரோரத்திலே, நான்கு வயதுக் குழந்தைகள் நிறைந்த பழகுதடத்தில், தரையோடு தரையாக ஊர்ந்து மேலே கொண்டுபோகும் பட்டையில் நின்று ஏறுவதும், இறங்கும்போது விழுவதுமாகக் கழிந்தன. ஒன்பது வயது மகன்தான் ஆசிரியர். ஸ்கீயின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகற்றி முக்கோணமாக வைத்தால் வேகம் குறையும். அதை இங்குள்ள பிள்ளைகள் பிட்சா என்கிறார்கள். இரண்டையும் இணையாக வைத்தால் வேகம் பிடிக்கும். அது உருளைக்கிழங்குப் பொரியல். "பிட்சா, அப்பா, பிட்சா!" என்று அவன் கத்தியபடி பக்கத்தில் வருவான், என் கால்களோ பொரியலிலேயே உறுதியாக நிற்கும். நான்காம் நாள் பின்னேரம் ஒரு நீலத்தடத்தை விழாமல் இறங்கி முடித்தேன். நீலம் என்பது எளிய தடம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மூத்தவள் அதே நேரத்தில் மொத்தொலீனோவின் கறுப்புத் தடத்தை இரண்டு முறை இறங்கி வந்திருந்தாள். ஆனாலும் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அதிகம் பேசியது நான்தான்.

உயரம் வேறு விதத்திலும் தன்னைக் காட்டியது. முதல் இரண்டு நாள் படியேறினால் மூச்சு வாங்கியது. வெயில் எரித்தது, மேலே போகப் போக புற ஊதாக் கதிர் வலுக்கிறது, கீழே கிடக்கும் புதுப்பனி அதைத் திருப்பி முகத்தில் எறிகிறது. களிம்பு பூசாத என் கீழுதடும் மோவாயின் அடிப்பாகமும் கறுத்து உரிந்தன. கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிழலில்லாத பனிவெளியில் ஒருநாள் நின்று பார்க்கலாம். உயரத்தால் வரும் நன்மை, பனி நம்பிக்கையாகக் கிடைப்பது. தாழ்வான ஊர்களில் பெப்ரவரியிலேயே புல் தெரியத் தொடங்கிவிடும் இக்காலத்திலும் இங்கே பருவம் நவம்பர் இறுதியிலிருந்து மே தொடக்கம் வரை நீள்கிறது. அது போதாதென்று, மாரிகாலத்துப் பனியைக் குவித்து மரத்தூளும் துணியும் போர்த்துக் கோடை முழுவதும் காப்பாற்றி வைத்து, வெயில்காலத்திலேயே நெடுந்தூர ஸ்கீத் தடம் விரிக்கிறார்கள்.

அம்மா ஸ்கீப் பக்கமே வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் அவருக்கு அந்த ஊரில் பிடித்தமானது, வாகனங்கள் நுழையாத கடைத்தெருதான். காலையில் வெயில் விழுந்ததும் இரண்டு காலுறைகளை மாட்டிக்கொண்டு போய், ஒரு தேநீர்க்கடையின் வெளி வாங்கில் அமர்ந்து, போகிற வருகிறவர்களின் பைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் நான் நொண்டிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தபோது கேட்டார்: "ஏன் தம்பி, இத்தாலி முழுக்க வரி எடுக்கிறாங்கள். இவையளுக்கு மட்டும் ஏன் இல்லை?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான், அதுவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலை உட்கார்ந்து தேடிப் படித்து, மறுநாள் அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கு பழைய காலத்தில் போர்மியோ சீமையின் பகுதியாக இருந்தது. 1512 முதல் 1797 வரை அந்தச் சீமையையும் பக்கத்து வால்தெல்லீனா பள்ளத்தாக்கு முழுவதையும் ஆண்டவர்கள், இன்று சுவிற்சர்லாந்தின் கிறாவுபுண்டன் மாநிலமாக உள்ள நிலத்து மக்கள். நெப்போலியன் வந்து 1797இல் அதைப் பிரித்து இத்தாலியப் பக்கம் சேர்த்தார். வருடத்தில் ஏழெட்டு மாதம் வெளியுலகோடு தொடர்பற்றுப் பனிக்குள் கிடக்கும் இந்த ஊரிடம் சுங்கம் வசூலிக்க ஆளை அனுப்புவதும், அந்த ஆள் அங்கே மாரியைக் கழிப்பதும் அரசுக்கு வரவைவிடச் செலவாகவே இருந்திருக்கும். 1805இல் சலுகை கிடைத்தது. நெப்போலியன் வீழ்ந்து ஆஸ்திரியர் வந்தபோது 1818இல் அதை உறுதி செய்தார்கள். இத்தாலி ஒரே நாடான பின்பு, 1910இல் இத்தாலியச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது; 1960இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் ஏற்றது. அரசுகள் மாறிக்கொண்டே இருக்க, சலுகை மட்டும் மாறாமல் கைமாறி வந்திருக்கிறது. ஆள்கிறவர் எவரானாலும் அவருக்குத் தேவையாக இருந்தது ஒன்றே: எல்லையில் அந்த மலையை விட்டு மக்கள் இறங்கிப் போய்விடக் கூடாது.

இன்றைய நிலை இன்னும் விநோதமானது. லிவிஞ்ஞோ இத்தாலிய மண், பணம் யூரோ, கடவுச்சீட்டுச் சோதனையின்றி நாடுகளிடையே போய்வரக்கூடிய ஷெங்கன் எல்லைக்குள்ளேயும் இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பரப்புக்கு வெளியே இருக்கிறது. 2020வரை லுகானோ ஏரிக்கரையிலுள்ள கம்பியோனே என்ற சிற்றூரும் இதே நிலையில் இருந்தது. அவ்வாண்டு அதைச் சுங்கப் பரப்புக்குள் சேர்த்துவிட்டதால், இத்தாலியில் இப்படி எஞ்சியிருப்பது இது ஒன்றே. கடையில் பொருள் வாங்கும்போது 22 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி இல்லை. மது, புகையிலை, எரிபொருள் ஆகியவற்றுக்கு இத்தாலியின் தீர்வை இல்லை. ஆனால் அடியோடு வரியே இல்லாத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரார் தம் வருமானத்துக்கு மற்ற இத்தாலியரைப் போலவே வரி கட்டுகிறார்கள். எரிபொருள் முதலிய சில பொருள்கள் மீது, 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஊராட்சி தனக்கென ஒரு சிறப்புத் தீர்வையையும் எடுத்துக்கொள்கிறது. நான் நிரப்பிய 48 லீற்றரிலும் ஊருக்கு ஒரு பங்கு போயிருக்கும்.

அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப வழி திறந்துதானே கிடக்கு?" என்றார். உண்மைதான். ஃபொஸ்காஞ்ஞோ சாலையை மாரியிலும் திறந்து வைக்கத் தொடங்கியது 1950களில். அடுத்த பத்தாண்டில் சுரங்கம் வந்தது. சலுகைக்கான காரணம் கரைந்துபோன அதே காலத்தில்தான் சலுகையைப் பயன்படுத்த வெளியார் வரத் தொடங்கினார்கள். வழி இல்லாததற்காகக் கொடுக்கப்பட்டது, வழி வந்த பின்புதான் வருமானமாக மாறியது. சுவிற்சர்லாந்திலும் இதே கதை ஒன்று உண்டு. சம்நாவுன் என்ற பள்ளத்தாக்குக்கு ஆஸ்திரியா வழியாக மட்டுமே போக முடிந்ததால் 1892இல் அதைச் சுவிஸ் சுங்க எல்லைக்கு வெளியே விட்டார்கள். பிறகு சுவிஸ் பக்கமாகவே சாலை போட்டார்கள். சலுகை மட்டும் அப்படியே நிற்கிறது, அங்கும் ஆஸ்திரியாவின் இஷ்க்லிலிருந்து மக்கள் ஸ்கீயிலேயே வந்து வாங்கிப் போகிறார்கள். இது நியாயமா என்று ஸ்கீக் கடையில் சப்பாத்து மாற்றித் தந்த முதியவரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியத்தில் கேட்டுப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு பனிப்புயலில் கணவாயைத் தாண்டிப் பாருங்கள், அதன் பிறகு பேசலாம் என்றார். ஃபொஸ்காஞ்ஞோவுக்கும் எய்ரா கணவாய்க்கும் இடையில், 2,000 மீற்றருக்கும் மேலே உள்ள திரெபாலே என்ற கிராமத்துக்கு ஐந்தாம் நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். காற்று ஆளைத் தள்ளியது. முதியவர் சொன்னதில் பாதியையாவது ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இனிக் கடைகளுக்கு வருகிறேன். சின்ன ஊரில் இருநூறுக்கு மேற்பட்ட கடைகள். நறுமணத் திரவியம், மது, சிகரெட், வெயிற்கண்ணாடி, கைக்கடிகாரம், ஸ்கீ உடுப்பு என்பவையே திரும்பத் திரும்ப. விமான நிலையத்தில் செய்வதுபோல் கடவுச்சீட்டைக் காட்டுவதோ படிவம் நிரப்புவதோ இல்லை. விலைச்சீட்டில் உள்ளதைக் கொடுத்தால் முடிந்தது. மத்தியானம் பல கடைகளைப் பூட்டிவிட்டு உறங்கப் போய்விடுகிறார்கள் என்பது மட்டும் கவனிக்க வேண்டியது.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 22 விழுக்காடு வரி இல்லை என்றதும், விலையில் 22 விழுக்காடு கழியும் என்று பலர் எண்ணுகிறார்கள். வரியோடு 122 யூரோ விற்கும் பொருள் இங்கே 100 யூரோ. கழிவது 122இல் 22, அதாவது 18 விழுக்காடு. அதுவும் கடைக்காரர் வரிச் சலுகை முழுவதையும் வாங்குபவருக்கே விட்டுக்கொடுத்தால்தான். மிலானிலிருந்து வருகிறவருக்கு இது லாபம். சூரிச்சிலிருந்து வருகிற எனக்கோ, ஊரில் நான் கட்டும் வரியே 8.1 விழுக்காடுதான், அந்த வரியின்மையால் எனக்குக் கழிவது ஏழரை விழுக்காடு மட்டுமே. மிச்சமெல்லாம் இத்தாலிய விலைக்கும் சுவிஸ் விலைக்கும் உள்ள பொதுவான வித்தியாசம். அது இத்தாலியின் கோமோ நகரத்துக் கடையிலும் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்பதால், 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் இத்தாலியின் எந்த ஊரிலும் வரியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கவும் முடியும். அத்தானிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

உண்மையில் மலிவாக இருப்பவை, தனித் தீர்வை சுமத்தப்படுகிற பொருள்களே: எரிபொருள், கடுமது, புகையிலை. சுவிற்சர்லாந்தில் ஒரு லீற்றர் தூய மதுசாரத்துக்கு 29 பிராங்க் தீர்வை. 40 விழுக்காட்டு விஸ்கிப் போத்தல் ஒரு லீற்றரில் 11 பிராங்க் 60 சதம் அதற்கே போய்விடுகிறது. ஆகவே கடுமதுக் கடையில் கூட்டம் நெரிவதில் வியப்பில்லை. நான் வாங்கியது போர்மியோவில் மூலிகைகளை ஊறவைத்துச் செய்யப்படும் பிராவுலியோ என்ற மது ஒரு போத்தல். கசப்பு அம்மாவின் கசாயத்துக்கு ஈடானது. அம்மா ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, இதற்குப் போய்ப் பணம் கொடுத்தாயா என்றார். சாப்பாட்டில் எங்களுக்குப் பிடித்தது, கறுப்புக்கோதுமை மாவில் செய்த பட்டைச் சேமியாவை உருளைக்கிழங்கோடும் கோவாவோடும் வேகவைத்து, உள்ளூர்ப் பாற்கட்டியும் உள்ளி வதக்கிய வெண்ணெயும் ஊற்றித் தரும் பிட்சொக்கெரி. ஒரு தட்டை முடித்தவருக்கு இரவுச் சாப்பாடு தேவைப்படாது.

மூத்தவளுக்கு ஒரு ஸ்கீ மேலாடை வேண்டியிருந்தது. 220 யூரோவுக்கு ஒன்று பிடித்துப்போனது. இங்கேதான் எல்லையின் சட்டம் குறுக்கே வந்தது. சுவிஸுக்குள் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருள்களின் பெறுமதி, நீண்ட காலமாக ஆளுக்கு 300 பிராங்காக இருந்தது. 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 150 ஆகக் குறைத்துவிட்டார்கள். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேரின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் தனியொரு பொருளின் விலையே 150ஐத் தாண்டினால் அதைப் பகிர்ந்துகொள்ள முடியாது. அதற்கு வரி உண்டு. இது பெறுமதிக் கணக்கு. மது, சிகரெட், இறைச்சி ஆகியவற்றுக்கு அளவுக் கணக்கு தனியே இருக்கிறது: 18 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கடுமது ஆளுக்கு ஒரு லீற்றர், அதற்குட்பட்டது ஐந்து லீற்றர், சிகரெட் 250, இறைச்சி ஒரு கிலோ. தாங்கியில் உள்ள பெற்றோலைக் கணக்கில் எடுப்பதில்லை. ஃபொஸ்காஞ்ஞோ வழியாக இத்தாலிக்கு இறங்குகிறவர்களுக்குச் சட்டம் வேறு; அந்தக் கணவாயில் இத்தாலிய நிதிக் காவலர்களின் சோதனைச் சாவடி இருக்கிறது, வளர்ந்தவருக்கு 300 யூரோ, கடுமது ஒரு லீற்றர், சிகரெட் 200 என்பது அவர்களுடைய அளவு. தம் நாட்டுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகச் சுங்கம் கடக்கும் மக்கள் இவர்கள்.

நாங்கள் இருந்த நாள்களில் மொத்தொலீனோச் சரிவில் பாரந்தூக்கிகள் நின்றன. 2026 பெப்ரவரியில் மிலானும் கொர்த்தீனாவும் நடத்தவிருந்த மாரிகால ஒலிம்பிக்கில், பனிப்பலகைப் போட்டிகளும் சாகச ஸ்கீப் போட்டிகளும் இந்த ஊருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. உயரமும் நம்பிக்கையான பனியும் அதற்குக் காரணங்கள். ஒரு வழிச் சுரங்கமும் ஒரு கணவாய்ச் சாலையுமாக இத்தனை கூட்டத்தை எப்படி உள்ளே விடப்போகிறார்கள் என்பது, நாற்பது நிமிடம் வரிசையில் நின்றவன் என்ற முறையில் அப்போது என் தனிப்பட்ட கவலையாக இருந்தது.

சனிக்கிழமை காலை, இம்முறை நேரத்தைப் பார்த்துக்கொண்டு புறப்பட்டோம். புறப்படுமுன் தாங்கியின் வாய்வரை மீண்டும் நிரப்பினேன். மேலாடையைச் சுங்கத் திணைக்களத்தின் கைபேசிச் செயலியில் முதல்நாள் இரவே அறிவித்து, 8.1 விழுக்காட்டின்படி கிட்டத்தட்ட 17 பிராங்கைச் செலுத்தியிருந்தேன். பிள்ளைகளை வாகனத்தில் வைத்துக்கொண்டு அலுவலரிடம் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும் சுவிஸ் அலுவலர் கண்ணாடியை இறக்கச் சொன்னார். மேலாடைக்கான பற்றுச்சீட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, மதுவும் இறைச்சியும் உண்டா என்று கேட்டார். ஒரு போத்தல் என்றேன். அவர் பார்வை பின்னிருக்கையில், அம்மாவின் மடியிலிருந்த துணி மூட்டையில் நின்றது. அது என்ன என்று கேட்டார். மகள் மொழிபெயர்க்க, அம்மா மூட்டையை அவிழ்த்தார். அமுக்கச் சமையற்கலம். உடுப்புப் பெட்டியில் இடம் இல்லாமல் போயிருந்தது. மூடியைத் திறந்தும் காட்டினார். உள்ளே வழிச்சாப்பாட்டுக்குக் கட்டிய புளிச்சாதம். அலுவலர் சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று இரவே அத்தானிடமிருந்து தொலைபேசி வந்தது. பனி எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்கவில்லை. "எத்தினை லீற்றர் பிடிச்சது?" என்று கேட்டார். முதல்நாள் 48, வரும்போது 31 என்று சொன்னேன். அவருக்கு மிகுந்த திருப்தி. வெரெய்னா ரயிலுக்கும் சுரங்கத்துக்கும் போகவர எவ்வளவு கொடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்தமுறை போகும்போது தனக்கும் ஒரு பிராவுலியோ வாங்கி வரச் சொல்லிவிட்டு, அக்காவிடம் தொலைபேசியைக் கொடுத்தார்.